உலகின் தலைசிறந்த நாடு எது? முதலில் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று பாருங்கள்

"உலகிலேயே சிறந்த நாடு எங்களுடையதுதான் என்று எந்த நாடாவது உரிமை கொண்டாட முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியாது. எதில் சிறந்தது, எந்த ஆண்டில், எப்படி அளந்தார்கள் என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால் "இதில் முதலிடம்" என்று ஒரு நாடு சொல்லிக்கொள்ளலாம். அந்த மூன்றில் ஒன்றை மாற்றினாலே முதலிடத்துக்கு வேறு நாடு வந்துவிடும். எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால், எந்தப் பட்டியல் கைக்கு வந்தாலும் அதன் மதிப்பை நீங்களே எடை போட்டுவிடலாம்.

எளிதான ஒலிம்பிக்கில் தொடங்குகிறேன். 2024 பாரிஸ் போட்டியில் அமெரிக்காவும் சீனாவும் தலா 40 தங்கம் வென்றன. வெள்ளி அதிகம் என்பதால் அமெரிக்கா முதலிடம். மொத்தப் பதக்கம் 126க்கு 91. 2008 பெய்ஜிங்கில் சீனாவுக்குத் தங்கம் அதிகம், அமெரிக்காவுக்கு மொத்தப் பதக்கம் அதிகம். உலகின் பெரும்பாலான பத்திரிகைகள் தங்கத்தை வைத்துச் சீனாவை மேலே போட்டன. அமெரிக்கப் பத்திரிகைகள் பலவும் மொத்தத்தை வைத்துத் தங்கள் நாட்டை மேலே போட்டன. இரண்டு பட்டியலிலும் தவறான எண் ஒன்றுகூட இல்லை. மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தால் கதையே வேறு. சுமார் 70,000 பேர் வாழும் டொமினிக்கா என்ற கரீபியன் தீவு பாரிஸில் மும்முறை தாண்டுதலில் ஒரு தங்கம் வென்றது. தலைக்கு இத்தனை தங்கம் என்ற கணக்கில் அமெரிக்காவும் சீனாவும் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஒலிம்பிக் சாசனமோ, இவை வீரர்களுக்கு இடையிலான போட்டிகள், நாடுகளுக்கு இடையிலானவை அல்ல என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறது.

பொருளாதாரத்திலும் இதே நிலைதான். சந்தை மாற்று விகிதத்தில் டாலராக மாற்றிக் கணக்கிட்டால் அமெரிக்காதான் பெரிய பொருளாதாரம். ஒரு டாலருக்கு அந்தந்த ஊரில் எவ்வளவு பொருள் கிடைக்கும் என்று பார்க்கும் வாங்கும் திறன் சமநிலைப்படி கணக்கிட்டால், ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) புள்ளிவிவரத்தில் 2010களின் நடுவிலேயே சீனா முந்திவிட்டது. தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் லக்சம்பர்க், சிங்கப்பூர், அயர்லாந்து போன்ற சிறிய நாடுகள் மேலே வருகின்றன.

அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். லக்சம்பர்க்கில் வேலை செய்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து எல்லை தாண்டி வந்து போகிறவர்கள். அவர்களுடைய உழைப்பு லக்சம்பர்க்கின் உற்பத்தியில் சேருகிறது. அவர்களோ அந்த நாட்டு மக்கள்தொகையில் சேருவதில்லை. மேலே இருக்கும் எண் பெருகுகிறது, கீழே வகுக்கும் எண் அப்படியே நிற்கிறது. அயர்லாந்தின் கதை இன்னும் விசித்திரமானது. 2015இல் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஒரே ஆண்டில் 26 சதவீதம் வளர்ந்ததாக முதல் மதிப்பீடு வந்தது. மக்கள் திடீரென்று அவ்வளவு பணக்காரர் ஆகிவிடவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை வரி வசதிக்காக அங்கே மாற்றி எழுதின, அவ்வளவுதான். இதைச் சரிசெய்ய அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் 2017இல் திருத்தப்பட்ட தேசிய வருமானம் என்ற தனி அளவையே உருவாக்கியது. அதன்படி பார்த்தால் அயர்லாந்தின் பொருளாதாரம், வழக்கமான கணக்கில் வரும் தொகையில் பாதியைச் சற்றுத் தாண்டும். ஒரு நாட்டின் அரசே தன் எண் ஊதிப் பெருத்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டு வேறு அளவுகோல் செய்தது எனக்கு மிகவும் மரியாதைக்குரிய செயலாகப் படுகிறது.

பணத்தை மட்டும் பார்த்தால் போதாது என்றுதான் 1990இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மனித மேம்பாட்டுக் குறியீட்டை வெளியிட்டது. பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று செய்தார். அமர்த்தியா சென் உடன் உழைத்தார். "எந்த நாடு முன்னேறியது" என்று பேசும்போது அதிகம் காட்டப்படும் பட்டியல் இதுதான். கால்குலேட்டர் இருந்தால் நீங்களே போடலாம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்களைத் தசமம் இல்லாமல் முழு எண்ணாக்கி எடுத்துக்கொள்வோம்: சராசரி ஆயுள் 72, பள்ளியில் சேரும் குழந்தை படிக்கும் என எதிர்பார்க்கப்படும் ஆண்டுகள் 13, வயதுவந்தோர் சராசரியாகப் படித்த ஆண்டுகள் 7, தலைக்கு வருமானம் வாங்கும் திறன் கணக்கில் 9,000 டாலர்.

ஆயுளுக்குக் கீழ் எல்லை 20, மேல் எல்லை 85. ஆக 72 கழித்தல் 20, வகுத்தல் 65 என்றால் 0.8. படிப்பில் 13ஐ 18ஆல் வகுத்தால் 0.722, 7ஐ 15ஆல் வகுத்தால் 0.467, இரண்டின் சராசரி 0.594. வருமானத்துக்கு நேரடியாக வகுக்கக் கூடாது, இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) எடுக்க வேண்டும். கீழ் எல்லை 100 டாலர், மேல் எல்லை 75,000 டாலர். 9,000 அந்த 100ஐப் போல 90 மடங்கு, 75,000 அதைப் போல 750 மடங்கு; அதனால் 90இன் மடக்கையை 750இன் மடக்கையால் வகுக்கிறோம்: 4.50 வகுத்தல் 6.62, அதாவது 0.680. கடைசியாக மூன்றையும் பெருக்கி, அதன் கனமூலம் எடுத்தால் 0.686. அறிக்கையில் இந்தியாவுக்கு வந்தது 0.685, 193 நாடுகளில் 130ஆம் இடம். முதலிடம் ஐஸ்லாந்துக்கு, 0.972.

இதில் எத்தனை முடிவுகளை மனிதர்கள் எடுத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மடக்கை எடுப்பதால் 1,000 டாலரிலிருந்து 2,000 ஆவதும் 20,000 டாலரிலிருந்து 40,000 ஆவதும் ஒரே அளவு உயர்வாகக் கணக்கில் ஏறுகின்றன, 0.105. ஏழைக்குக் கிடைக்கும் ஆயிரம் ரூபாய்க்கு மதிப்பு அதிகம் என்ற நியாயம் அதற்குள் இருக்கிறது. 75,000 டாலருக்கு மேல் எவ்வளவு சம்பாதித்தாலும் ஒரு புள்ளிகூட ஏறாது. 2010 வரை மூன்று பிரிவுகளையும் கூட்டி மூன்றால் வகுத்தார்கள்; அந்த ஆண்டிலிருந்து, மேலே போட்டதுபோல் பெருக்கிக் கனமூலம் எடுக்கும் பெருக்கல் சராசரிக்கு மாறினார்கள். மாற்றத்தின் விளைவைப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு: ஒரு நாட்டுக்கு ஆயுளில் 0.9, படிப்பில் 0.9, வருமானத்தில் 0.3. பழைய முறையில் 0.7 கிடைக்கும், புது முறையில் 0.624தான். மூன்றிலும் 0.7 வைத்திருக்கும் நாட்டுக்கு இரண்டு முறையிலும் 0.7. ஒன்றில் சறுக்கினால் மற்றொன்றில் ஈடுகட்டிவிடலாம் என்ற வழியைப் பெருக்கல் அடைக்கிறது. இது சரியான மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒரு சூத்திர மாற்றத்தில் சில நாடுகள் ஏறின, சில இறங்கின. அந்த நாடுகளில் ஒரு பள்ளிக்கூடம்கூட அன்று கூடவோ குறையவோ இல்லை.

2020 அறிக்கையில் இன்னொன்று செய்தார்கள். தலைக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது, எவ்வளவு இயற்கை மூலப்பொருள் செலவாகிறது என்பதையும் கழித்துப் பார்த்தார்கள். அதுவரை முதலிடத்தில் இருந்த நார்வே 15 இடங்கள் இறங்கியது. எண்ணெய் விற்றுச் சேர்த்த வசதியையும் அதன் விலையையும் ஒரே தராசில் வைத்தால் அப்படித்தான் வரும்.

சூத்திரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தேசிய சராசரி உள்ளே இருப்பதை மறைக்கும் ஒரு திரைதான். பிறப்பு இறப்புகளை மாதிரி இடங்களில் பதிந்து கணக்கிடும் இந்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கில் 2020இல் ஆயிரம் பிறப்புக்குக் குழந்தை இறப்பு கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, மத்தியப் பிரதேசத்தில் 43. நாட்டுச் சராசரி 28. இந்த 28 எந்த மாநிலத்துத் தாயின் நிலைமையைச் சொல்கிறது? அமெரிக்காவிலும் அதே ஆண்டில் ஹவாயில் பிறந்தவரின் எதிர்பார்க்கப்படும் ஆயுள் 80.7, மிசிசிப்பியில் 71.9. ஒரே கொடி, ஒரே பாஸ்போர்ட், ஒன்பது வருட வித்தியாசம்.

இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1940களிலிருந்து இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் கொடுத்ததால், வருமானத்துக்கு மிஞ்சிய ஆயுளும் எழுத்தறிவும் அங்கே உண்டு என்று அமர்த்தியா சென் உட்படப் பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அது உண்மை. அதே நாட்டில் 2016 கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 சதவீதம், மலையகத் தமிழர் பெருவாரியாக வாழும் தோட்டப் பகுதிகளில் சுமார் 32 சதவீதம். தேயிலை பறிக்கிற அந்தத் தாய்மாரின் பிள்ளைகளை இலங்கையின் நல்ல சராசரி மறைத்துவிடுகிறது. ஏற்றத்தாழ்வைக் கழித்துக் காட்டும் தனிக் குறியீட்டையும் ஐ.நா. அதே அறிக்கையில் வெளியிடுகிறது. முதல் அட்டவணையோடு நிறுத்திவிடாமல் அதையும் பாருங்கள்.

மகிழ்ச்சிப் பட்டியல் பற்றிச் சுருக்கமாக. 2018 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் பின்லாந்து முதலிடம். அந்தப் பட்டியலுக்காக எல்லா நாடுகளிலும் கேட்கப்படும் முக்கியக் கேள்வி ஒன்றுதான்: பூஜ்யம் முதல் பத்து வரை படிகள் உள்ள ஏணி, உங்களுக்கு அமையக்கூடிய மிக நல்ல வாழ்க்கை பத்தாவது படி, இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? பெரும்பாலான நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 1,000 பேரிடம் கேட்டு, மூன்று ஆண்டுச் சராசரி எடுக்கிறார்கள். சிரிப்பையோ கொண்டாட்டத்தையோ அது அளப்பதில்லை. வாழ்க்கை பற்றிய மனநிறைவை அளக்கிறது. நடுவரிசை நாடுகளுக்கிடையே வித்தியாசம் தசமத்தில்தான் இருக்கும், சிலரிடம் மட்டும் கேட்பதால் வரும் மாதிரிப் பிழையே அதைத் தாண்டிவிடும். 60ஆம் இடமா 66ஆம் இடமா என்று சண்டை போடுவதில் பொருளில்லை.

பட்டியலே வளைந்துபோன சம்பவமும் உண்டு. தொழில் தொடங்க எளிதான நாடுகள் என்று உலக வங்கி ஆண்டுதோறும் வெளியிட்டு வந்த அறிக்கை அது. அதில் ஏற அரசுகள் போட்டி போட்டன. இந்தியா 2015 அறிக்கையில் 142ஆம் இடம், 2020 அறிக்கையில் 63. பின்னர் 2018, 2020 அறிக்கைகளின் தரவுகளில் முறைகேடு நடந்தது தெரியவந்தது. 2018இல் சீனாவுக்கு 78ஆம் இடம் கொடுக்கப்பட்டிருந்தது. தரவில் கை வைக்காமல் விட்டிருந்தால் 85 வந்திருக்கும். 2021 செப்டம்பரில் உலக வங்கி அறிக்கையையே நிறுத்திவிட்டது. இதில் எனக்கு அதிகம் கவலை தருவது வேறு விஷயம். அந்த அறிக்கை பெரும்பாலும் நாட்டின் மிகப்பெரிய நகரத்தை மட்டும் அளந்தது, பெரிய நாடுகளுக்கு இரண்டு நகரம். இந்தியா என்றால் மும்பையும் டெல்லியும். தேர்வுக்கு வரும் கேள்வி தெரிந்தால் அதை மட்டும் படிக்கிற மாணவன் போல, அளக்கப்படும் இடத்தை மட்டும் சீர்செய்துவிட்டு ஒரு அரசு மேலே ஏறிவிட முடியும். திருப்பூரில் பட்டறை வைத்திருப்பவருக்கு அந்த ஏற்றத்தில் என்ன கிடைத்தது என்று அந்தப் பட்டியல் சொல்லவே சொல்லாது.

ஆகவே வாட்ஸ்அப்பில் ஒரு தரவரிசை வந்தால் முதலில் மொத்தமா தலைக்கா என்று பாருங்கள். பிறகு தரவின் ஆண்டு. 2025இல் வெளியான மனித மேம்பாட்டு அறிக்கையில் இருப்பது 2023இன் எண்கள். புது அரசையோ பழைய அரசையோ பாராட்டத் தவறான ஆண்டைப் பிடித்துக்கொள்பவர்கள் ஏராளம். இரண்டு வெவ்வேறு ஆண்டு அறிக்கைகளின் இடங்களை ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். இடையில் நாடுகளின் எண்ணிக்கை மாறியிருக்கும், பழைய தரவு திருத்தப்பட்டிருக்கும், சூத்திரம்கூட மாறியிருக்கும். மனித மேம்பாட்டு அறிக்கையிலேயே எல்லா ஆண்டுகளையும் ஒரே முறையில் மறுகணக்கிட்ட போக்கு அட்டவணை தனியாக இருக்கிறது, ஒப்பிட வேண்டுமென்றால் அதில் ஒப்பிடுங்கள். இடத்தைவிட மதிப்பெண் முக்கியம்: ஒரு நாடு முன்னேறிக்கொண்டே இருந்தும், மற்றவை வேகமாகப் போனால் இடம் இறங்கும்.

அமெரிக்காவைப் பற்றித்தான் இந்தக் கேள்வி அதிகம் கேட்கப்படுகிறது என்பதால் இந்த முறையில் அதையே வைத்துப் பார்ப்போம். நிலவில் மனிதரை இறக்கிய ஒரே நாடு, நோபல் பரிசுகளில் முதலிடம், ராணுவச் செலவில் முதலிடம், 2023இல் உலகச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மருத்துவத்துக்கு மொத்த உற்பத்தியில் சுமார் 17 சதவீதம் செலவழிப்பதிலும் அதுவே முன்னணி. அப்படிச் செலவழித்தும் 2019இல் 78.8ஆக இருந்த சராசரி ஆயுள் 2021இல் 76.4க்கு இறங்கியது, 2025 மனித மேம்பாட்டு அறிக்கையில் அதன் இடம் 17. இந்த வரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக உண்மை. இவற்றைக் கூட்டி ஒரே எண்ணாக்க வேண்டுமென்றால் நிலவுப் பயணத்துக்கு எத்தனை மதிப்பெண், ஒரு குழந்தையின் ஆயுளில் ஓர் ஆண்டுக்கு எத்தனை மதிப்பெண் என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். அந்த எடையை எல்லா நாடுகளும் ஏற்கும்படி இதுவரை யாரும் நிர்ணயித்ததில்லை.