தம்பி கானா பசங்களோடு சுற்றுகிறான், உருப்படுவானா?

நீங்கள் கேட்டிருப்பது இது: தம்பி பிளஸ் டூ படிக்கிறான், தலைமுடிக்குக் கலர் அடித்திருக்கிறான், சாயந்திரம் ஆனால் கானா, அதாவது வடசென்னைத் தெருப் பாட்டு, பாடுகிற பசங்களோடு போய் உட்கார்ந்துவிடுகிறான், இவன் உருப்படுவானா. நீங்கள் அக்காவா அண்ணனா தெரியவில்லை, அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் அடி விழும் என்று பயந்து இங்கே வந்து கேட்டிருப்பீர்கள். அந்த 'உருப்படுவானா'வைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. என்னைப் பற்றி என் சித்தப்பா அம்மாவிடம் கேட்டதும் அதே வார்த்தைதான்.

நான் வடசென்னை, புளியந்தோப்பு. அப்பா பி அண்ட் சி துணி மில்லில் வேலை பார்த்தார். 1996-ல் மில்லை மூடியபோது எனக்கு 12 வயது. தெருவில் பாதி வீட்டில் அப்பாக்கள் பகலிலேயே திண்ணையில் உட்கார்ந்திருந்த காலம் அது. எங்களுக்கு டியூஷனுக்குக் காசு கிடையாது, கிரவுண்டும் கிடையாது. தெருமுனையில் ஓர் அண்ணன் ஒரு டோலக்கோடு உட்கார்ந்திருப்பார். அவரைச் சுற்றித்தான் எங்கள் சாயந்திரங்கள் எல்லாம். மாவு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரு தட்டு, விரல் நுனியால் இரண்டு தட்டு. மோதிர விரலில் ஒரு வளையம் மாட்டிக்கொண்டால் அந்த இரண்டு தட்டும் சில்லென்று கேட்கும். அதைப் பழகவே எனக்கு ஆறு மாதம் ஆனது.

எங்கள் செட்டு அதிகம் பாடியது மரண கானா, சாவு வீட்டில் ராத்திரி முழுக்க இறந்தவரைப் பற்றிப் பாடுவது. வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. சாவு வீட்டில் கூத்தா என்று முகம் சுளிப்பார்கள். விடிய விடிய பிணத்தோடு தனியாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பாட ஆரம்பிக்கும் முன்பு வீட்டுக்காரர்கள் ஒரு துண்டுச் சீட்டு கொண்டுவந்து கொடுப்பார்கள். இறந்தவர் பெயர், புருஷன் பெயர், பிள்ளைகள், மருமகன், பேரப் பிள்ளைகள், அத்தனை பேரும் அதில் இருப்பார்கள். எல்லாப் பெயரையும் எதுகை தட்டாமல் பாட்டில் கொண்டுவர வேண்டும். ஒரு மச்சான் பெயர் விட்டுப்போனாலும் விடிகாலையில் சண்டை வரும்.

2000-ல் எங்கள் பக்கத்துத் தெருவில் காய்கறிக் கடை வைத்திருந்த ஓர் அம்மா இறந்துபோனார். ராத்திரி மூன்று மணிக்கு அண்ணனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சீட்டை என் கையில் கொடுத்து, "டேய், நீ எடுத்துக்கோ" என்றார். எனக்கு 16 வயது. டியூப் லைட் வெளிச்சத்தில் சீட்டைப் பார்த்தால், மூத்த மகன் பெயரின் மேல் பேனாவால் இரண்டு கோடு அடித்திருந்தது. வேறு சாதியில் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவர். அவரை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. அந்த அம்மாவின் மகள் ஐஸ் பெட்டி பக்கத்திலிருந்து எழுந்து வந்து, என் காதில், "அந்தப் பேரையும் சேத்துக்கோ தம்பி, அம்மா கேட்டா சந்தோஷப்படும்" என்றார்.

சேர்த்தேன். அந்த வரி வந்ததும் அந்த அம்மாவின் புருஷன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து தெருவுக்குப் போய்விட்டார். எனக்குக் கை நடுங்கிற்று. அண்ணன் டோலக்கை நிறுத்தவில்லை, கண்ணாலேயே "பாடு" என்றார். பாடினேன். விடிந்ததும் அதே பெரியவர் டீக்கடையிலிருந்து ஒரு கிளாஸ் டீயைத் தன் கையால் எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார். பேசவில்லை. பாட்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

இரண்டு வருஷம் கழித்து கல்லூரியில், ஆசிரியர் வராத ஒரு மணி நேரத்தில் பெஞ்சைத் தட்டிப் பாடினேன். பத்து நாள் சஸ்பெண்ட். "இது படிக்கிற இடம், பொறுக்கிங்க கூடாரம் இல்ல" என்று அம்மாவை நிற்கவைத்துச் சொன்னார்கள். அதே கல்லூரி விழா மேடையில் இசையமைப்பாளர் தேவா சாரின் சினிமா கானாவுக்குப் பசங்கள் ஆடினார்கள், என்னை சஸ்பெண்ட் செய்தவர்களே முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள்.

அப்புறம் 2006-ல் 'சித்திரம் பேசுதடி' வந்தது. கானா உலகநாதன் திரையிலேயே வந்து வாள மீனுக்கும் விலாங்கு மீனுக்கும் கல்யாணம் செய்துவைத்தார், ஊரே பாடிற்று. 2012-ல் 'அட்டகத்தி'யில் கானா பாலா பாடினார். அவர் சட்டம் படித்தவர் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன், கானா பாடினால் படிப்பு வராது என்று எழுதப்போகிறவர்களுக்காக. அந்த வருஷம் என் ஆபீஸ் ஆண்டு விழாவில் மேனேஜர் மைக்கை நீட்டி, "நீ அந்த ஏரியாதானே, ஒரு கானா எடுத்து விடு" என்றார். பாடினேன், எழுந்து நின்று கைதட்டினார்கள். மறுமாதம் ஆபீஸ் பார்க்கிங்கில் ஒரு பைக் காணாமல் போனது. "உங்க பக்கம்தான் போயிருக்கும், கொஞ்சம் விசாரிச்சுப் பாரேன்" என்றார், அதே மேனேஜர். கைதட்டியது என் பாட்டுக்கு மட்டும்தான், எனக்கு இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

குடி இல்லையா, கத்தி இல்லையா, 'ரூட்டு தல', அதாவது ஒரு பஸ் ரூட்டு மாணவர்களுக்குத் தலைவன், என்று பஸ் கூரையில் ஏறி அடித்துக்கொள்வதில்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பெண்களை இழிவாகப் பாடும் கானாவும் இருக்கிறது, அதைக் கேட்டால் எனக்கே உடம்பு கூசுகிறது. அதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் நாலு பேர் செய்ததை நாற்பதாயிரம் பேர் தலையில் கட்டுகிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் வீட்டைப் புதுப்பிக்க ஒரு வங்கியில் கடன் கேட்டேன். சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு எல்லாம் கொடுத்தேன். போனில் பேசிய பையன் பின்கோடைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தி, "சார், உங்க ஏரியாவுக்குக் கொடுக்கிறதில்ல" என்றான். எழுத்தில் கொடு என்றால் தரமாட்டேன் என்கிறான். 18 வருஷமாக ஒரு தவணைகூடத் தவறாதவன் நான். கட்டத் தெரியாதவன் என்று என் பின்கோடைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார்கள். யாரிடம் போய் முறையிடுவது?

சரி, தம்பிக்கு வருகிறேன். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி நடந்தது. சினிமா இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த இசைக்குழு. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதி பேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து எடுத்த பெயர். என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். கிட்டாரும் ராப்பும் பக்கத்தில் நிற்க, எங்கள் தெருமுனைத் தாளம் அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் கேட்டது. எங்கள் காலத்தில் ஒரு பெண் கானா செட்டில் பாடிப் பார்த்ததில்லை. அந்த மேடையில் இசைவாணி பாடினார். 2020-ல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. என் மகள் இன்றைக்கும் குளிக்கும்போது கானாதான் பாடுகிறாள், நான் தடுப்பதில்லை.

உங்கள் தம்பி ஒரு நோட்டு வைத்திருப்பான். கணக்கு நோட்டின் பின்பக்கமாகக்கூட இருக்கலாம். திருட்டுத்தனமாக எடுத்துப் பார்க்காதீர்கள், கேட்டு வாங்கிப் படியுங்கள். என்ன எழுதுகிறான், யாரைப் பற்றி எழுதுகிறான் என்று பாருங்கள். அவன் கூடப் பாடுகிற பசங்களை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுங்கள். முடிக் கலர் மூன்று மாதத்தில் வளர்ந்து போய்விடும், அதற்காகச் சண்டை போடாதீர்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பரீட்சை முடிகிறவரை ராத்திரிப் பாட்டுக்குப் போகக்கூடாது. விடிய விடியக் கண் விழித்தால் மறுநாள் தலையில் எதுவும் நிற்காது. பிளஸ் ஒன்னில் நான் கணக்கில் தவறியது அதனால்தான்.