இரும்புக்கையை ஆங்கிலத்தில் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை. இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், லாரன்ஸ்–டேவிட் என்று தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். இந்தக் கதைகளின் ஆங்கில மூலங்கள் இங்கிலாந்தில் கெட்டியான புத்தகங்களாக மறுபதிப்பு ஆகியிருப்பது சமீபத்தில்தான் தெரிந்தது. மாதம் ஒன்றாக வாங்கிச் சேர்க்க ஆசை. ஆனால் ஒரே மாயாவிக்கு இரண்டு பதிப்பகம், இரண்டு தலைப்பு என்று குழப்பமாக இருக்கிறது. பழைய புத்தக வியாபாரி ஒருவர் டைட்டன் பதிப்பகத்தின் 2005 புத்தகத்தைக் காட்டி, "இது இனிமேல் வரவே வராது சார்" என்று புதுப் புத்தக விலையைப் போல நான்கு மடங்கு கேட்கிறார். எதை வாங்குவது? பணத்துக்கு என்னிடம் இருக்கும் பழைய முத்து காமிக்ஸ்களை விற்கலாமா? என் மனைவி, "சின்ன வயசுல பிடிச்சது இப்ப பிடிக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்கிறார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த வியாபாரியிடம் வாங்காதீர்கள். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. அந்த டைட்டன் புத்தகம் மறுபடி அச்சாகாமல் போகலாம், அதில் அவர் சொல்வது சரிதான். ஆனால் அதற்குள் இருக்கும் கதை ஏற்கெனவே வேறு அட்டையில் வந்துவிட்டது. டைட்டன் 2005இல் 'தி வேனிஷிங் மேன்' என்ற தலைப்பில் போட்டதும், ரெபெல்லியன் 2021இல் 'இன்விசிபிள் மேன்' என்ற தலைப்பில் போட்டதும் மாயாவியின் அதே ஆரம்பக் கதைகளைத்தான். ஸ்பைடருக்கும் இதே நிலைதான். டைட்டனின் 'கிங் ஆஃப் குரூக்ஸ்', ரெபெல்லியனின் 'தி ஸ்பைடர்ஸ் சிண்டிகேட் ஆஃப் கிரைம்' இரண்டிலும் முதல் கதை ஒன்றே. தலைப்பை நம்பி வாங்கினால் ஒரே கதைக்கு இரண்டு தடவை பணம் கொடுப்பீர்கள்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஃப்ளீட்வே நிறுவனத்தின் வார இதழ்களில் பிறந்த பாத்திரங்களின் உரிமை பல கை மாறியது. மாறும்போது இரண்டாகவும் பிரிந்தது. 1970க்குப் பிறகு உருவானவை பெரும்பாலும் ஒரு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன, அதற்கு முந்தையவை வேறொன்றிடம் தங்கின. ஆக்ஸ்ஃபர்டில் இருக்கும் ரெபெல்லியன் அடிப்படையில் வீடியோ கேம் கம்பெனி. ஜட்ஜ் ட்ரெட் வரும் '2000 ஏடி' இதழை 2000ஆம் ஆண்டு வாங்கியது. 2016இல் அந்தப் பிந்தைய பாதியையும், 2018இல் முந்தைய பாதியையும் வாங்கி இரண்டையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்துவிட்டது. 'ட்ரெஷரி ஆஃப் பிரிட்டிஷ் காமிக்ஸ்' என்ற பெயரில் இப்போது வருபவை அந்தக் கிடங்கிலிருந்து வருபவைதான். டைட்டன் போட்டது அதற்கு முன்பு, உரிமம் பெற்று. அதனால் உங்கள் தேவைக்கு ரெபெல்லியன் பதிப்பே போதும்.

மறுபதிப்பு என்பதே மறுபடியும் அச்சடிக்கக்கூடிய பொருள். தட்டுப்பாட்டு விலை கொடுத்து வாங்கிய மறுநாளே இன்னொரு பதிப்பு அறிவிக்கப்படலாம். முதல் உலகப் போரைப் பற்றிய 'சார்லீஸ் வார்' தொடரைப் பாருங்கள். டைட்டன் அதைப் பத்துக் கெட்டி அட்டைப் புத்தகங்களாகப் போட்டது. அவற்றில் சில தீர்ந்துபோய், தேடி அலைந்தவர்கள் உண்டு. 2018இல் ரெபெல்லியன் அதை மூன்று தடிமனான தொகுதிகளாக்கிவிட்டது. அவசரப்படாமல் இருந்தவருக்கு லாபம். இப்படிப்பட்ட புத்தகத்தை முதலீடாக நினைக்காதீர்கள். படிக்க வாங்குங்கள்.

ரெபெல்லியனிலேயே ஒரு சின்னப் பொறி உண்டு. கடைக்கு வரும் சாதா அட்டைப் பதிப்பு ஒன்று. அவர்களுடைய சொந்த இணையக் கடையில் மட்டும் விற்கும், வேறு முகப்போடு கூடிய கெட்டி அட்டைப் பதிப்பு இன்னொன்று. பின்னது குறைந்த எண்ணிக்கையில் வரும். நம் கை பரபரக்கும். உள்ளே கதை ஒன்றுதான். அலமாரிக்கு அழகு வேண்டுமென்றால் வாங்கலாம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். கதைக்காக என்றால் சாதா போதும்.

சரி, உங்கள் மனைவி கேட்டதற்கு வருகிறேன். உங்கள் கேள்விகளைவிட அது நல்ல கேள்வி.

நீங்கள் தமிழில் படித்தது முழுக் கதை. ஒரே இதழில் தொடக்கம், முடிவு, அதோடு சரி. அவற்றில் பல, ஃப்ளீட்வே 1967–68இல் வெளியிட்ட 'சூப்பர் லைப்ரரி' என்ற பாக்கெட் அளவுப் புத்தகங்களிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றும் 132 பக்கம். மாயாவியும் ஸ்பைடரும் அதில் ஒரு வரிசை. லாரன்ஸ்–டேவிட்டும் ஜானி நீரோவும் பக்கத்து வரிசையான உளவாளிக் கதைகள். ஆனால் நான் மேலே சொன்ன ரெபெல்லியன் தொகுதிகள் பாக்கெட் புத்தகத்திலிருந்து எடுத்தவை அல்ல. மாயாவி 1962 அக்டோபரில் 'வேலியண்ட்' வார இதழின் முதல் இதழிலேயே அறிமுகமானவர். ஸ்பைடர் 1965இல் 'லயன்' இதழில் வந்தவர். (தமிழில் வரும் நம் லயன் காமிக்ஸ் இல்லை, லண்டன் லயன்.) வாரத்துக்குச் சில பக்கம் வீதம் மாதக்கணக்கில் ஓடிய தொடர்களைத்தான் இந்தத் தொகுதிகளில் கோர்த்திருக்கிறார்கள். எனவே உங்கள் நினைவில் இருக்கும் குறிப்பிட்ட ஒரு கதை இதில் இருந்தே தீரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாங்கும் முன் விவரக் குறிப்பில், எந்த இதழில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வந்த பகுதி என்று பாருங்கள். அது இல்லையென்றால் உரிமை விவரம் அச்சான பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்த ஒரு பக்கம் முன்னட்டையைவிட அதிகம் பேசும்.

வாரத் தொடரைப் படிக்கும் விதமே வேறு. சில பக்கத்துக்கு ஒருமுறை யாராவது தொங்கிக்கொண்டிருப்பார்கள், அல்லது சுவர் இடியும். அடுத்த பகுதியின் முதல் கட்டத்தில் போன வாரக் கதையை மறுபடி சொல்வார்கள். ஏழு நாள் காத்திருந்த பையனுக்கு அது தேவைப்பட்டது. ஒரே மூச்சில் நூறு பக்கம் படிக்கும் உங்களுக்கு மூன்றாவது அத்தியாயத்திலேயே சலிப்புத் தட்டும். இதனால்தான் பல பேர் "மூலம் சுமார்தான், தமிழில்தான் நன்றாக இருந்தது" என்று புத்தகத்தை மூடி வைக்கிறார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நாலைந்து பகுதி, அப்புறம் மூடி வையுங்கள். தொங்குகிறவன் நாளைவரை தொங்கட்டும்.

இன்னொன்றும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். லூயிஸ் கிராண்டெல், அதாவது நம் மாயாவி, முதலில் நல்லவர் இல்லை. விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆய்வக உதவியாளர். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரிகிறது என்று கண்டவுடன் அவர் போகும் பாதை திருட்டுப் பாதைதான். 'நிழற்படை' என்ற ரகசிய அமைப்பின் உளவாளி ஆவதெல்லாம் பிறகு. ஸ்பைடரும் தன்னைக் குற்றவாளிகளின் அரசன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர். கெட்டவனைத் தொடரின் நாயகனாக வைத்துப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு விற்றிருக்கிறார்கள். அந்தத் துணிச்சலை 54 வயதில் படிக்கும்போதுதான் முழுதாக ரசிக்க முடியும் என்பது என் எண்ணம். கூடவே நெருடலும் இருக்கும். ஆப்பிரிக்கர், ஆசியர் என்றால் அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பார்வை அப்படியே இருக்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

ஆனால் ஓவியம் ஏமாற்றாது. மாயாவியை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஜெசுஸ் பிளாஸ்கோ. அறையில் விளக்கு எங்கே இருக்கிறது என்று நிழலை வைத்தே சொல்லிவிடலாம், அப்படி ஒரு கை. தமிழில் மலிவுத் தாளில் மை பரவி நாம் பார்த்தது அதில் பாதிதான். ஸ்பைடரை வரைந்தவர் ரெஜ் பன். கூர் காது, ஒட்டிய கன்னம், நெருக்கமான கோடுகள். முதல் இரண்டு கதைக்குப் பிறகு ஸ்பைடரை எழுத வந்தவர் யார் தெரியுமா? சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். ஸ்பைடர் கதைகள் திடீரென்று நிலாவுக்கும் நாலு உலகத்துக்கும் தாவுகிறதே என்று சிறுவயதில் யோசித்திருந்தால், விடை இதுதான்.

இந்தப் பெயர்களையெல்லாம் அன்று லண்டன் பையனும் அறிந்திருக்க மாட்டான். அந்த வார இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயர் போடும் வழக்கமே இல்லை. '2000 ஏடி' வந்த பிறகுதான் அங்கே அந்த வழக்கம் நிலைத்தது. 1962இல் மாயாவியைத் தொடங்கி வைத்த கென் பல்மரின் பெயரும், பின்னால் எழுதிய டாம் டல்லியின் பெயரும் இன்று முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கின்றன. மறுபதிப்புக்குப் பணம் கொடுக்க எனக்கு இது ஒன்றே போதும்.

அச்சுத் தரம் பற்றி ஒரு வார்த்தை. மூல ஓவியத் தாள்களில் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. அதனால் பழைய இதழையே ஸ்கேன் செய்து, கறை நீக்கித்தான் மறுபதிப்பு போடுகிறார்கள். சில பக்கம் பளிச்சென்றும் சில பக்கம் கோடு தடித்தும் இருந்தால் உங்கள் பிரதியில் கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள். வார இதழின் பக்கம் பெரியது. மறுபதிப்பில் சுருங்கியதால் எழுத்தும் சுருங்கியிருக்கும். நம் வயதில் இது லேசான விஷயம் இல்லை. ரெபெல்லியன் தன் இணையக் கடையில் பிடிஎஃப்பாகவும் விற்கிறது. பூட்டு எதுவும் கிடையாது, எந்தக் கருவியிலும் திறக்கும், பெரிதாக்கிப் படிக்கலாம். தபால் செலவும் சுங்கத் தொல்லையும் மிச்சம். முதல் மாயாவியை இப்படி வாங்கிப் படித்துப் பாருங்கள். உங்கள் மனைவியின் கேள்விக்குக் குறைந்த செலவில் விடை கிடைத்துவிடும். பிடித்திருந்தால் அதே புத்தகத்தைத் தாளில் வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் கண்டால் விலகிப் போங்கள். 1980களில் மாயாவியை அமெரிக்க காமிக்ஸ் அளவுக்கு வெட்டி ஒட்டி, வண்ணம் பூசி மெல்லிய இதழ்களாக வெளியிட்டார்கள். விலை குறைவாகத் தெரியும். பிளாஸ்கோவின் நிழல் முழுக்க அந்த வண்ணத்தில் மூழ்கிவிட்டது.

மாயாவியும் ஸ்பைடரும் முடிந்தபின் எங்கே போவது என்று கேட்பீர்கள். என்னைக் கேட்டால் சற்று முன் சொன்ன 'சார்லீஸ் வார்' தான். பேட் மில்ஸ் எழுத்து, ஜோ கோல்குஹூன் ஓவியம். 1979இல் 'பேட்டில்' வார இதழில் தொடங்கியது. வயதை மறைத்துப் பட்டாளத்தில் சேர்ந்த 16 வயது சார்லி, 1916இல் பிரான்சின் சோம் போர்முனைக்குப் போகிறான். எழுத்துப் பிழையோடு அவன் வீட்டுக்கு எழுதும் கடிதத்துக்கும், அதன் பக்கத்தில் நாம் பார்க்கும் பதுங்குகுழிக்கும் இடையில்தான் கதையே நடக்கிறது. பிள்ளைகளின் போர்ப் பத்திரிகையில், போரையே கேள்வி கேட்கும் கதையை எப்படி அனுமதித்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். காமிக்ஸ் பிடிக்காதவர்களுக்கும் இதைக் கொடுக்கலாம், உங்கள் மனைவி உட்பட. வண்ணம் வேண்டுமென்றால் டான் லாரன்ஸ் வரைந்த 'ட்ரைகன் எம்பயர்' இருக்கிறது. கதை சாதாரணம், படம் கண்ணை விட்டுப் போகாது.

தொகுதிகளின் முதுகை வரிசையாக அடுக்கினால் ஒரு பெரிய படம் சேரும்படி வரும் ட்ரெட் வரிசைகளும் உண்டு. 80க்கும் மேற்பட்ட புத்தகங்கள். ஒன்று விட்டால் படத்தில் ஓட்டை. அந்தப் பக்கமே போகாதீர்கள். உங்கள் ரசனையை அது தீர்மானிக்கத் தொடங்கிவிடும்.

"மாதம் ஒன்று" என்று கணக்கு வைக்காதீர்கள் என்பதும் அதனால்தான். கையில் இருப்பதை முடித்த பிறகு அடுத்தது. படிக்காமல் மூன்று சேர்ந்துவிட்டால், தொடரை அல்ல, வாங்குவதை ரசிக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்த வழுவழுப்புத் தாள் மழைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்க வேண்டாம். நெருக்கித் திணிக்கவும் வேண்டாம்.

கடைசியாக, பழைய முத்து காமிக்ஸை விற்பது. மாயாவி கதைகளை முத்துவே பிற்காலத்தில் மறுபதிப்பு செய்திருப்பதால், கதைக்காக அவற்றை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் சிவகாசியில் அச்சாகி வந்த அந்த முதல் பிரதிகள் மறுபடி வரப்போவதில்லை. அவற்றுக்குத் தமிழ்நாட்டில் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எப்போதும் கிடைக்கும் பொருளை வாங்க, கிடைக்காத பொருளை விற்பது கணக்காகவும் சரியில்லை. வங்கியில் இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அட்டை கிழிந்ததும் ஒரே இதழில் இரண்டு பிரதி இருப்பதும் இருந்தால், அவற்றை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். அந்த நான்கு மடங்கு வியாபாரியிடமே காட்டி, முதலில் அவர் ஒரு விலை சொல்லட்டும்.