கடலூரில் ஒரு பிழைதிருத்தி, புதுச்சேரியில் ஒரு பிழைதிருத்தி

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளுக்கான தமிழ்ப் பிழைதிருத்தி ஒன்றை 2 வருடமாகத் தனியாளாகச் செய்துவருகிறேன். உரிமம் ஜி.பி.எல். 3 (எடுத்து மாற்றி வெளியிடுபவரும் அதே உரிமத்தில்தான் தர வேண்டும்). புதுச்சேரியில் ஒரு மாணவர் குழு இதே வேலையை, அதிகக் கட்டுப்பாடு இல்லாத எம்.ஐ.டி. உரிமத்தில் செய்வது போன வாரம்தான் தெரிந்தது. 'ஒன்றாக்கிவிடலாம்' என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: ஆட்கள் சேருங்கள். ரெப்போக்களை (நிரல் வைத்திருக்கும் களஞ்சியங்களை) இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம்.

முதலில் உரிமம். அவர்களுடைய எம்.ஐ.டி. சரக்கை, பதிப்புரிமைக் குறிப்பை அழிக்காமல், நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஜி.பி.எல். சரக்கை அவர்கள் எடுத்து எம்.ஐ.டி. என்று வெளியிட முடியாது. நீங்களே எழுதியதை நீங்கள் வேறு உரிமத்திலும் தரலாம். அடுத்தவர் அனுப்பிய திருத்தங்கள் உள்ளே இருந்தால் அவரவரிடம் கேட்டாக வேண்டும். லிப்ரே ஆபீஸ் 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்தது. இன்றும், ஓப்பன் ஆபீஸை வைத்திருக்கும் அப்பாச்சி அமைப்பின் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் நிரல் வரலாம். மொஸில்லா உரிமத்தில் உள்ள லிப்ரே ஆபீஸ் நிரலை அப்பாச்சி தன் மூலநிரலில் சேர்ப்பதில்லை. ஒருவழிப் பாதைதான். சொற்கள் எங்கிருந்து வந்தன என்றும் கேளுங்கள். அச்சு அகராதியைப் பார்த்துத் தட்டச்சு செய்த பட்டியல் என்றால் அதைத் தொடாதீர்கள்.

அடுத்து, எதைப் பொதுவாக்குவது? என் ஓட்டு சோதனைக் கோப்புக்கு. சரியான சொல் 100, தவறான சொல் 100. இரண்டு திட்டமும் அதில் தேற வேண்டும். 'கொக்கு' என்று போட்டுப் பாருங்கள். ஒருவர் கோப்பில் அந்த 'கொ', ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாக இருக்கும். இன்னொருவர் கோப்பில் கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இதை யூனிகோடின் என்.எஃப்.சி. இயல்பாக்கம் (இருவிதமாகப் பதிவான ஒரே எழுத்தை ஒரே வடிவாக்கும் முறை) சரிசெய்துவிடும். 'கௌரவம்' அப்படி இல்லை. பலரும் ளகரம் போட்டு 'கெளரவம்' என்றே அடிக்கிறார்கள். அதை எந்த இயல்பாக்கமும் தொடாது, நீங்கள்தான் பிடிக்க வேண்டும். (திருமணப் பத்திரிகைகளைப் புரட்டினால் சோதனைச் சொல்லுக்குப் பஞ்சமே வராது.)

அதன் பிறகு சொற்கோப்பைப் பொது ரெப்போவில் வைக்கலாம். விதிக்கோப்பு அவரவரிடமே இருக்கட்டும். மரத்தை, மரத்தில், மரங்களுக்கும் என்று எல்லாவற்றையும் அடுக்குவதா, 'மரம்' மட்டும் வைத்து விகுதியை விதியால் ஒட்டுவதா என்பதில் சண்டை வரும். வரட்டும், இரண்டு வழியும் ஓடிப் பார்க்கட்டும். லினக்ஸின் திரைமுகப்புகளான கே.டி.இ.யும் க்னோமும் இன்றுவரை இரண்டுதான். ஆனால் 2000-இல் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் முயற்சியால், ஒரு மென்பொருளை மெனுவில் காட்டும் கோப்பு இரண்டுக்கும் பொதுவானது.

ஒருமுறை நான் எல்லாவற்றையும் ஒரே நாளில் கலக்கும் வேலையில் மாட்டினேன். பெயர் யாருடையது என்பதிலேயே மழைக்காலம் போய்விட்டது. 1997-இல் ஜி.சி.சி. என்ற கம்பைலர் திட்டத்திலிருந்து ஈ.ஜி.சி.எஸ். என்ற கிளை பிரிந்தது. 1999-இல் கூடியபோது பெயர் பழையது, நிரல் பிரிந்து போனவர்களுடையது. உங்களுக்கும் அது பொருந்தலாம், ஆனால் ஒரு வருடம் கழித்துப் பேசுங்கள்.

பொது ரெப்போவில் மெர்ஜ் செய்யும் (திருத்தங்களைச் சேர்க்கும்) அதிகாரம் இரு தரப்பிலும் குறைந்தது ஒருவருக்கு இருக்க வேண்டும். மாணவர்கள் படிப்பு முடிந்து கிளம்பிவிடுவார்கள்; அடுத்த பொறுப்பாளர் யார் என்பதை இப்போதே கேட்டு ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் எழுதுங்கள். இதையெல்லாம் மெயிலில் பேசாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் புதுச்சேரி போய், இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் 'கெளரவம்' அடித்துப் பாருங்கள்.