மிதிபலகையில் தவறும் கால் – கடிதம்

வணக்கம்.

மகளுக்குப் பதினேழு வயது. நீளம் பாய்தலில் மாகாணத்தில் முதலிடம். தேசிய மட்டப் போட்டியில் மூன்று பாய்ச்சலும் பவுல், கால் மிதிபலகையைத் தாண்டி விழுந்து எதுவும் கணக்கில் வரவில்லை. இங்கே எங்கள் ஊர் மெக்கெய்சர் மைதானத்தில் ஒருநாளும் இப்படி வந்ததில்லை. ‘எங்கட பிள்ளை மெடலோடதான் வருவாள்’ என்று ஊரே சொல்லியிருந்தது. இப்போது போட்டி என்றாலே நித்திரையில்லை. பயப்படாதே என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். என்ன செய்யலாம்?

– ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள அம்மா,

‘பயப்படாதே’ என்பதை முதலில் விட்டுவிடுங்கள். பெரிய போட்டியில் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அட்ரினலின் ஏறினால் வேகம் கூடும், காலடி நீளும். ஒவ்வொரு காலடியும் ஒரு சென்ரிமீற்றர் நீண்டாலே பதினாறு காலடியில் 16 சென்ரிமீற்றர். மிதிபலகையின் அகலமே 20தான். ஊர் மைதானத்தில் அளந்த அதே தூரத்தில் ஓட்டம் தொடங்கும் அடையாளத்தை வைத்தால் கால் பலகையைத் தாண்டிவிடும்.

முதல் பவுலுக்குப் பிறகு வருவது இன்னும் மோசம். பிள்ளை பலகையைக் குனிந்து பார்க்கத் தொடங்குவாள். தன்பாட்டில் ஓடப் பழகிய காலை மனம் கண்காணிக்கப் புறப்பட்டதும் கடைசிக் காலடிகள் குழம்பும், இடுப்பு தாழும், வேகம் போய்விடும்.

ஆகவே முதல் பாய்ச்சலுக்கு அடையாளத்தை ஒரு சப்பாத்து நீளம் பின்னுக்கு வைக்கட்டும். தூரம் குறைந்தால் குறையட்டும், ஒரு பதிவு கையில் இருக்கும். முதல் எட்டுப் பேருக்குள் வந்தால் இன்னும் மூன்று வாய்ப்பு. பெயர் கூப்பிட்டதும் நேரம் ஓடத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடட்டும், ஐந்து முறை. வெளிமூச்சு நீண்டால் துடிப்பு இறங்கும். ஓடும்போது மனதில் ‘மேலே’ என்ற ஒரு சொல் போதும். கண் மணலுக்கு அப்பால்.

இதைப் போட்டியன்று தொடங்கினால் பலிக்காது. கிழமைக்கு ஒருநாள் பயிற்சியில் மூன்றே பாய்ச்சல், இடையில் பதினைந்து நிமிடம் காத்திருப்பு, சுற்றிவர மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க. பெரும்பாலான பயிற்றுநர்கள் அந்தக் காத்திருப்பைப் பழக்குவதேயில்லை. உடல் குளிர்வதும் மனம் அலைவதும் அந்த நேரத்தில்தான்.

2021 இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அந்தரத்தில் திசை தெரியாமல், குழு இறுதிப் போட்டியின் நடுவே விலகினார். ஒரு கிழமையில் சமநிலைச் சட்டத்துக்குத் திரும்பியபோது, இறங்கும்போது உடலைச் சுழற்றும் பகுதியை மாற்றிவிட்டு ஆடி வெண்கலம் வென்றார். பயம் போகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பயம் தொற்றியிருந்த அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்துவைத்தார். சப்பாத்து நீளக் கணக்கும் அதே வேலைதான்.

வீட்டில் உங்கள் பங்கு பெரிது. கொழும்பிலிருந்து திருமலைக்கு வரும் நீண்ட பயணத்தில் போட்டியைப் பற்றி அவளாகப் பேசும்வரை நீங்கள் கேட்க வேண்டாம். சாப்பாடு, பாட்டு, நித்திரை. ‘ஊர் என்ன சொல்லும்’ என்பது உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது.

நித்திரையின்மையோடு பசியும் போய், சிநேகிதிகளையும் தவிர்த்து இரண்டு கிழமை கடந்தால் அது போட்டிப் பதற்றம் மட்டுமல்ல. வைத்தியரிடம் கூட்டிப்போங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். அடுத்த போட்டி முடியட்டும் என்று தள்ளிவைக்காதீர்கள்.

அன்புடன்.