ஒரே பெயரில் இருவர்: கடிதமும் பதிலும்

ஐயா,

நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைப் பதிவுசெய்த எல்லிஸ் தீவைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ஓட்டு வளைகூரைகளைக் கட்டிய குவாஸ்டவினோ 1908-இல் மறைந்தார் என்று ஓரிடத்திலும், 1909-இல் நியூயார்க் பேராலயத்தின் குவிமாடத்தைக் கட்டினார் என்று இன்னோரிடத்திலும் இருக்கிறது. எது சரி? மூன்று தலைமுறையாக வீடு கட்டித்தரும் ஒப்பந்தக்காரர் குடும்பத்தில் பிறந்தவன் நான். குவாஸ்டவினோவின் குடும்ப நிறுவனம் ஏன் நிலைக்கவில்லை என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு ஆண்டுகளும் சரி. தந்தையும் மகனும் ரஃபேல் குவாஸ்டவினோ என்ற ஒரே பெயரைக் கொண்டவர்கள். யாரைச் சொல்கிறேன் என்று தெளிவாக்காதது என் பிழை.

1842-இல் ஸ்பெயினின் வாலென்சியாவில் பிறந்த தந்தை, பார்சலோனாவில் ஆலைக் கட்டடங்களால் பெயரெடுத்தபின், 1881-இல் ஆங்கிலம் தெரியாமலேயே, சிறுவனாக இருந்த மகனுடன் நியூயார்க்கில் வந்து இறங்கினார். பார்சலோனா இருக்கும் கட்டலோனியப் பகுதியின் கொத்தனார்கள் தலைமுறைகளாக அறிந்திருந்த ஒரு முறைதான் அவர் கையிலிருந்த மூலதனம். ஏறத்தாழ ஓர் அங்குலக் கனமுள்ள சுட்ட ஓடுகளைத் தட்டையாக வைத்து, முதல் அடுக்கை விரைவில் இறுகும் ஜிப்சம் சாந்தாலும், மேலடுக்குகளை சிமென்ட் சாந்தாலும், இணைப்பின் மேல் இணைப்பு வராதபடி ஒட்டிக்கொண்டே போனால், கனத்த சென்டரிங் (கீழிருந்து தாங்கும் தற்காலிகச் சட்டம்) இல்லாமலே வளைகூரை எழும்பிவிடும். தீ விபத்துகளால் அஞ்சியிருந்த அமெரிக்க நகரங்களுக்கு, எரியாத இந்தக் கூரை தேவைப்பட்டது. பாஸ்டன் பொது நூலகத்தின் வளைகூரைப் பணி கிடைத்த 1889-ஆம் ஆண்டிலேயே நிறுவனமும் பிறந்தது. ஊரறிந்த கைத்திறனுக்குக் காப்புரிமை வாங்கிக்கொண்டது சற்றுத் துணிச்சல்தான் என்றாலும், அதை நம்பாத கட்டடக் கலைஞர்களை நம்பவைத்த உழைப்பு முழுக்க அவருடையது.

ஆனால் என் கணிப்பில், பெரிய கட்டுநர் மகனே. கல்லூரியில் கட்டடக்கலை படிக்காமல், பதின்ம வயதிலிருந்து தந்தையின் பணியிடங்களில் தேறியவர் அவர். தந்தை மறைந்த மறு ஆண்டில், நியூயார்க்கின் புனித ஜான் பேராலயத்தின் நடுப்பகுதிக்குத் தற்காலிகமாக ஒரு மூடி கேட்டார்கள். கீழிருந்து சாரம் எழுப்பாமல், முந்தைய நாள் ஒட்டி இறுகிய ஓடுகளின் மீதே ஆட்களை நிற்கவைத்து, சுமார் 15 வாரங்களில் அந்தக் குவிமாடத்தை முடித்துக்கொடுத்தார். தற்காலிகமானது நூறாண்டு கடந்தும் அங்கேயே இருக்கிறது. நீங்கள் படித்த எல்லிஸ் தீவுப் பதிவுக்கூடத்தின் கூரையும் அவர் காலத்தில், 1918-இல் அமைந்ததே. 1980-களில் அதைப் புதுப்பித்தபோது, 28,000-க்கும் மேற்பட்ட ஓடுகளில் 17-ஐ மட்டுமே மாற்ற வேண்டியிருந்தது. ஹார்வர்டின் ஒலியியல் அறிஞர் வாலஸ் சபைனுடன் சேர்ந்து, எதிரொலியை உறிஞ்சும் ஓடுகளையும் உருவாக்கினார். இத்தனைக்கும் பெரும்பாலான கட்டடங்களில் கல்வெட்டில் பெயர் கட்டடக் கலைஞருக்கே கிடைத்தது என்பதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தமுண்டு.

மகன் 1943-இல் நிறுவனத்தை விட்டு விலகினார். 1962-இல் அது மூடப்பட்டது. குடும்பம் விலகியதால் அது வீழ்ந்தது என்று நான் கருதவில்லை. தேர்ந்த கைகள் ஒவ்வோர் ஓடாக ஒட்டும் கூலிக்கு ஈடாகக் கான்கிரீட் மலிவாகிவிட்டது. தட்டையான கூரையை விரும்பிய புதிய கட்டடக்கலைக்கு வளைவே வேண்டாததாயிற்று. குடும்பம் நிறுவனத்திலேயே இருந்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது.

தந்தையின் கல்லறை, வட கரோலினாவின் ஆஷ்வில்லில், அவரே வடிவமைத்துப் பாதியில் விட்டு மகன் முடித்த புனித லாரன்ஸ் தேவாலயத்துக்குள் இருக்கிறது. கட்டுரையில் 1909 வரும் வரியை ‘மகன் குவாஸ்டவினோ’ என்று திருத்திவிட்டேன்.