சைகோன், ஸ்கூட்டர், சைவம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அக்டோபர் கடைசியில் நானும் மனைவியும் என் அம்மாவும் நான்கு நாள் வியட்நாமின் ஹோ சி மின் நகரம் (பழைய பெயர் சைகோன்) போகிறோம். சாயங்கால உணவுச் சுற்றுலா மூன்று விதமாக உண்டு என்கிறார் ஏஜென்ட்: ஸ்கூட்டர் பின்சீட், பழைய ராணுவ ஜீப், சைக்கிள் ரிக்‌ஷா. ஜீப்தான் பாதுகாப்பு என்று அதையே தலையில் கட்டப் பார்க்கிறார். அதற்குக் காசும் அதிகம். மனைவி சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவாள். நான் மாட்டிறைச்சி தவிர எல்லாம் சாப்பிடுவேன். அம்மாவுக்கு 71 வயது, போன வருடம் முழங்கால் அறுவை சிகிச்சை ஆனது. அந்த ஊர் டிராஃபிக் வீடியோக்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? சைவத்துக்கு அங்கே வழி உண்டா? நம் கோயில்கள் இருக்கின்றன என்கிறார்களே, அவையும் இந்தச் சுற்றில் வருமா?

ரா. சு., திருச்சி

அன்புள்ள ரா. சு.,

உங்கள் ஏஜென்ட் சொல்வது பாதி உண்மை. ஜீப்பிலிருந்து விழ மாட்டீர்கள். ஆனால் நீங்கள் பார்க்க நினைக்கிற ஊர் ஜீப் நுழைய முடியாத இடத்தில்தான் இருக்கிறது. சைகோனின் பெரிய சாலைகளில் வங்கியும் ஓட்டலும் துணிக்கடையும்தான் கண்ணில் படும். அடுப்பு, முடிதிருத்தும் நாற்காலி, சின்னக் கோயில், வாசலில் சீட்டாடும் கிழவர்கள் எல்லாம் 'ஹெம்' என்கிற சந்துகளுக்குள். அங்கே ஒரு முகவரி 120/35/8 என்று இருந்தால், தெருவின் 120ஆம் எண்ணில் ஒரு சந்து பிரிகிறது, அதன் 35ஆம் எண்ணில் இன்னொரு சந்து, அதற்குள் 8ஆம் வீடு என்று அர்த்தம். எத்தனை சாய்கோடோ அத்தனை திருப்பம். இரண்டாவது சாய்கோட்டைத் தாண்டினால், எதிரெதிரே வரும் இரண்டு ஸ்கூட்டர்கள் கண்ணாடி உரசாமல் போனாலே பெரிய விஷயம். சுற்றுலாவுக்கு நீங்கள் கொடுக்கும் பணம் சாப்பாட்டுக்கு என்று நினைக்காதீர்கள், சாப்பாடு அங்கே மலிவு. வழி தெரிந்த ஒருவரின் பின்சீட்டுக்கும், உங்களுக்காகக் கடைக்காரரிடம் பேசும் ஒரு வாய்க்கும்தான் அந்தப் பணம்.

ஆகவே நீங்களும் மனைவியும் ஸ்கூட்டர். அம்மா வேண்டாம். அறுவை ஆன முழங்காலோடு நான்கு மணி நேரத்தில் ஏழெட்டு முறை காலைத் தூக்கிப் போட்டு ஏறி இறங்குவது அவருக்குத் தண்டனை. ஜீப்பும் நினைக்கிற அளவு சுகமில்லை, ஏறும் படி உயரம், பின் பெஞ்சில் முட்டி மடங்கியே இருக்கும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் அம்மாவுக்கு முன்சீட் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். சைக்கிள் ரிக்‌ஷாவில் ('ஸிக் லோ') பயணி முன்னால், மிதிப்பவர் பின்னால். வண்டிக்கு ஒருவர். பல சாலைகளில் அதற்கு அனுமதி இல்லை, மாலை நெரிசலில் மற்ற வண்டிகளின் புகை நேராக உங்கள் மூக்குக்கு வரும். சீனர் பகுதியான சோ லோனில் காலையில் ஒரு மணி நேரம் அம்மாவோடு போய்வர அது நல்ல வண்டி. சாப்பாட்டுச் சுற்றுக்கு ஆகாது.

வாடகை ஸ்கூட்டரை நீங்களே ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். இந்திய உரிமம் அங்கே செல்லாது. செல்லாத உரிமத்தோடு விழுந்தால் பயணக் காப்பீடும் கைவிரிக்கும்.

இனி பின்சீட். நம்மவர்கள் அங்கே அதிகம் படும் காயம் விபத்தினால் அல்ல, சைலன்சரால். ஸ்கூட்டர்களின் புகைக்குழாய் வலப்பக்கம் இருக்கிறது, நம் ஊரிலும் அப்படித்தான். ஆனால் நம் ஊரில் வண்டி சாலையின் இடது ஓரத்தில் நிற்கும், ஓரத்துப் பக்கம் இறங்கினால் குழாய் எதிர்ப்புறம் இருக்கும். வியட்நாமில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன, வலது ஓரத்தில்தான் நிற்கும். பழக்க தோஷத்தில் ஓரத்துப் பக்கமாக இறங்கினால், அரை மணி நேரம் ஓடிக் கொதிக்கும் குழாயில் கெண்டைக்கால் போய் ஒட்டும். எப்போதும் இடப்பக்கமே ஏறி இடப்பக்கமே இறங்குங்கள், அது சாலைப் பக்கமாக இருந்தாலும் ஓட்டுநர் தலையாட்டும் வரை காத்திருந்து இறங்குங்கள். முழுக்கால் பேன்ட் கட்டாயம். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை தடவுகிற கைவைத்தியம் வேண்டாம்.

மனைவி சேலையில், ஒருபக்கமாக உட்கார்ந்து வர முடியாது. இரு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். துப்பட்டா, தொங்கும் பைவார் எதுவும் சக்கரத்தின் பக்கம் போகக்கூடாது. வண்டி சிக்னலில் நிற்கும்போது உதவுவதாக நினைத்துக் காலைத் தரையில் ஊன்றாதீர்கள், பாதம் கால்கட்டையிலேயே இருக்கட்டும். சந்துக்குள் முட்டியை அகட்டினால் எதிர் வண்டியின் கைப்பிடியில் இடிக்கும். கைபேசியில் படமெடுப்பதை வண்டி நின்ற பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்காரன் பறித்துப் போவது அந்த ஊரில் புதிதல்ல.

தலைக்கவசம் 2007 டிசம்பர் 15 முதல் நாடு முழுவதும் கட்டாயம். சட்டத்துக்குப் பேர்பண்ண ஒரு மெல்லிய தொப்பியைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, காதுவரை மூடுவதைக் கேளுங்கள். தாடைவாரில் இரண்டு விரல் நுழையலாம், அதற்குமேல் தளர்வு கூடாது. உள்ளே கட்டிக்கொள்ள ஒரு பருத்திக் கைக்குட்டை எடுத்துப் போங்கள், அது நூறு தலை பார்த்த கவசம். 2020 முதல் வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் மது துளியும் இருக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். சாப்பிட நிறுத்தும் நத்தைக்கடையில் உங்களுக்குத் துணையாக ஓட்டுநரும் ஒரு பியரை உடைத்தால், அங்கேயே டாக்சி பிடித்துவிடுங்கள். முன்பதிவின்போது கேட்க வேண்டியவை: பயணிக்கு ஒரு ஓட்டுநரா, விபத்துக் காப்பீடு பின்சீட்காரருக்கும் உண்டா, சாப்பாட்டுச் செலவு கட்டணத்தில் அடக்கமா, குழுவில் எத்தனை பேர். எட்டு வண்டிக்கு மேல் போனால் ஒவ்வொரு சிக்னலிலும் பாதிப் பேர் பின்தங்குவார்கள், கடையில் காத்திருந்தே நேரம் போய்விடும்.

சைவம்தான் உங்கள் கடிதத்தில் கனமான கேள்வி. வழி உண்டு, ஆனால் 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் போதாது. கடைக்காரர் நல்ல மனதோடு கிண்ணத்திலிருந்து இறைச்சியை எடுத்து வைத்துவிட்டு, எலும்பில் பல மணி நேரம் கொதித்த அதே சாற்றை ஊற்றுவார். வதக்கிய வெங்காயத்தாள் எண்ணெய் என்று மேலே ஒரு கரண்டி விடுவார், அது பன்றிக்கொழுப்பாக இருக்கலாம். தொட்டுக்கொள்ளத் தருவது 'நுவோக் மாம்', மீனை உப்பிட்டு நொதிக்கவைத்து வடித்த சாஸ். அவரைப் பொறுத்தவரை இதெல்லாம் இறைச்சிக் கணக்கில் வராது. கேட்க வேண்டிய சொல் 'சாய்'. டீ அல்ல, பௌத்த சைவம். அந்தச் சொல் எழுதிய பலகை உள்ள கடையில் சாறும் காய்கறியில்தான். பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்காத கடைகள் உண்டு. ஆனால் அங்கே தட்டில் பன்றி விலா, இறால் போல ஒன்று வரும். சோயாவிலும் மாவிலும் செய்தது. மனைவிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் முதல் தட்டோடு பசி போய்விடும்.

வாயால் சொல்லிப் புரியவைக்கலாம் என்று நம்ப வேண்டாம். கோழிக்கும் மீனுக்கும் அவர்கள் சொல்லைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'கா'தான். முதலெழுத்தின் ஒலியும், குரல் இறங்குகிறதா ஏறுகிறதா என்பதும்தான் வித்தியாசம். மீன் சாஸ், இறால் விழுது, எலும்புச் சாறு, பன்றிக்கொழுப்பு, சிப்பி சாஸ் கூடாது, முட்டையும் பாலும் பரவாயில்லை என்று மொழிபெயர்ப்புச் செயலியில் வியட்நாமியத்துக்கு மாற்றி, ஒலிக்குறிகளோடு படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அதையே சுற்றுலாக்காரர்களுக்கு இரண்டு நாள் முன்னால் அனுப்பி, 'ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவருக்கு என்ன' என்று பெயரோடு பதில் வாங்குங்கள். 'சமாளித்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால், அந்த மாலை முழுக்க அவருக்கு முட்டை ரொட்டிதான் என்று பொருள்.

அவருக்குத் தைரியமாகச் சொல்லக்கூடியவை: காளானும் பாசிப்பருப்பும் வைத்த சைவ 'பான் செயோ', அரிசித்தாளில் சுருட்டிய சைவ 'கோய் குவோன்', இஞ்சிப்பாகில் மிதக்கும் இளம் டோஃபு, 'செ' என்கிற தேங்காய்ப்பால் இனிப்பு. பாசிப்பருப்புச் 'செ'யை ஒரு வாய் வைத்ததும் பாயசம் என்பார். வேர்க்கடலை ஒவ்வாமை வீட்டில் யாருக்காவது இருந்தால் அதையும் அந்தப் படத்தில் சேருங்கள், பாதித் தட்டுகளில் மேலே தூவுவது அதுதான்.

பான் செயோவை மட்டும் அடுப்புக்கு அருகில் நின்று பாருங்கள். அரிசிமாவு, தண்ணீர், தேங்காய்ப்பால், மஞ்சள்தூள், கொஞ்சம் வெங்காயத்தாள். உளுந்து இல்லை, புளிக்கவைப்பதும் இல்லை. காய்ந்த இரும்புச் சட்டியில் மெல்லிசாக ஊற்றிச் சுழற்றும்போது எழும் 'ஸெயோ' சத்தம்தான் அதன் பெயர். முளைப்பயறு போட்டு மூடி, ஓரம் மொறுமொறுத்துத் தானாக விட்டு வந்ததும் பாதியாக மடித்துத் தட்டில் சரிப்பார்கள். அதைத் தோசை மாதிரி பிய்த்துச் சாப்பிட்டால் எண்ணெய்தான் தெரியும். உள்ளங்கை அகலக் கடுகுக்கீரை இலையை விரித்து, மேலே புதினா, துளசி வகைகள், அதன்மேல் ஒரு துண்டு வைத்து இறுக்கிச் சுருட்டித் தொட்டுக்கொள்ள வேண்டும். தளர்வாகச் சுருட்டினால் இரண்டாம் கடியிலேயே மடியில் கொட்டும். கீரைத்தட்டில் இதய வடிவ இலை ஒன்று இருக்கும், மீன் வாடை அடிக்கும். அது வெறும் கீரைதான், வாடைதான் அப்படி. பிடிக்காவிட்டால் ஒதுக்கிவிடலாம். 'பான் கொட்' சுடும் குழிச்சட்டியைப் பார்த்ததும் நம் பணியாரக்கல் அங்கே போனது என்று தோன்றும். குழியில் மாவு ஊற்றும் யோசனை யாருக்கும் வரக்கூடியதுதான், அதற்குக் கப்பல் ஏற வேண்டியதில்லை.

உங்களுக்கு: 'போ' என்றால் மாடு, 'ஹேவ்' என்றால் பன்றி. வெற்றிலை போன்ற இலையில் சுருட்டிச் சுடும் 'போ லா லொட்' பெரும்பாலான சுற்றுகளில் வரும், அது மாட்டிறைச்சி. 'ஃபோ' சூப்பைக் கோழியில் கேளுங்கள். 'கோம் தாம்' நொய்யரிசிச் சோறு. ஆலையில் உடைந்து விலைபோகாமல் ஏழைகள் தின்றது, இன்று நகரத்தின் அடையாளம். நாம் நொய்யைக் கஞ்சியோடு நிறுத்திவிட்டோம், அவர்கள் உதிரியாக வேகவைத்துச் சுட்ட பன்றி விலாவை மேலே வைத்துவிட்டார்கள்.

எல்லாருக்கும் நேரும் தவறு, முதல் இரண்டு கடையில் ஒரு முழு 'பான் மீ' ரொட்டியும் ஒரு முழுக் கிண்ண நூடுல்ஸும் முடித்து, மூன்றாம் கடையில் வேடிக்கை பார்ப்பது. ஒரு கிண்ணம் வாங்கிக் காலிக் கிண்ணத்தில் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பழைய 4ஆம் மாவட்டத்து வின் கான் தெரு நத்தைக்கடைகளை இரவு எட்டுக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது. தேங்காய்ப்பாலில் வதக்கிய நத்தைக்கு ஊசி வேண்டாம், வால்முனை வெட்டியிருக்கும், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். தனியாகப் போனால் தட்டு என்ன விலை, கிலோ என்ன விலை என்று முதலில் கேட்காமல் உட்காராதீர்கள். மேசைமேல் இருக்கும் ஈரத்துண்டுப் பொட்டலம் இலவசமல்ல, பிரித்தால் கணக்கில் ஏறும். பணத்தில் இன்னொரு கண்ணி: 20,000 டோங் நோட்டும் 500,000 டோங் நோட்டும் இரண்டுமே நீலச் சாயல். ஒரு ரூபாய்க்குக் கிட்டத்தட்ட 300 டோங் என்று வைத்தால், முன்னது எழுபது ரூபாய்கூட இல்லை, பின்னது 1,600க்கு மேல். இருட்டில் மாற்றிக் கொடுத்தவர்கள் நிறைய. பெரிய நோட்டைத் தனிப் பையில் வையுங்கள்.

அக்டோபர் கடைசி என்கிறீர்கள், மழை முடிந்திருக்காது. பின்சீட்காரருக்கும் தலைவழி உள்ள இரட்டை மழைக்கோட்டு தருவார்கள், அதன் நுனியை உட்கார்ந்து அழுத்திக்கொள்ளுங்கள். மழையைவிடக் கவனிக்க வேண்டியது ஆற்று வெள்ளம். அந்த மாதங்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றத்தில் சைகோன் ஆறு உயர்ந்து, தாழ்வான தெருக்களில் மாலையில் மழையே இல்லாமல் தண்ணீர் நிற்கும். அதே இரண்டு நாட்களில்தான் பலர் விரதமாகச் சைவம் சாப்பிடுவார்கள், சாய் கடைகள் தெருவெங்கும் முளைக்கும். ஹோ தி கி பூச்சந்தை களைகட்டுவது அவற்றின் முந்தைய இரவில். மனைவிக்காக அந்த நாளையே தேர்ந்தெடுங்கள், ஆற்றோரத் தெருக்களை மட்டும் வேறு நாளுக்குத் தள்ளச் சொல்லுங்கள். பூச்சந்தைக்குப் பக்கத்திலேயே கம்போடியச் சந்தையும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே காட்டுவார்கள்.

மாவட்ட எண்களை வைத்து வரைபடத்தில் தேடினால் குழம்புவீர்கள். 2025 ஜூலை 1 முதல் மாவட்டம் என்கிற அடுக்கையே எடுத்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் வாயில் மட்டும் 'குவான் 1', 'குவான் 4' இன்னும் புழங்குகிறது.

கோயில்கள் மாலைச் சுற்றில் வராது, வரவும் வேண்டாம். பகலில் அம்மாவோடு போங்கள், அவருக்கான பயணம் அதுதான். பென் தான் சந்தைக்கு அருகே சுவோங் தின் தெரு 45ஆம் எண்ணில் மாரியம்மன் கோயில். இன்று அங்கே கும்பிடுபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனரும். கருவறைக்குப் பின்சுவரில் முகம் வைத்து வேண்டுதலை முணுமுணுப்பார்கள். தோன் தாட் தியெப் தெரு 66ஆம் எண்ணில் தண்டாயுதபாணி, பிரெஞ்சுக்காரர் காலத்தில் வட்டிக்கடை வைத்த நகரத்தார் எழுப்பியது. தோங் யூ தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல், பக்கத்திலேயே ஹலால் கடைகள். மூன்றும் மத்தியப் பகுதிதான், அம்மாவுக்கு டாக்சி வைத்துக்கொண்டால் ஒரு காலையில் முடியும். இறங்கிச் சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள், வண்டி அங்கிருந்துதான் வரும். ஒரே சீராக மெல்ல நடங்கள், பாதியில் நிற்கவோ பின்வாங்கவோ கூடாது. உங்கள் நடையைக் கணக்குப் போட்டுத்தான் ஸ்கூட்டர்காரர் ஒதுங்குகிறார்.