ராஜா வாழாத பழைய வீட்டுக்குப் பாரம்பரிய மதிப்பு உண்டா?

கேள்வியின் சுருக்கம் இது: குமரி மாவட்டத்துக் கல்குளம் பக்கம் ஒரு சின்ன ஊரில் உங்கள் தாத்தா காலத்து ஓட்டு வீடு இருக்கிறது. மர மச்சு, நடு முற்றம், பங்காளிகள் நிறைய. ராஜா யாரும் தங்கியதில்லை, தலைவர் யாரும் பிறந்ததில்லை. இடித்துவிட்டு கான்கிரீட் போடலாமா, இல்லை இதற்கும் பாரம்பரிய மதிப்பு என்று ஏதாவது உண்டா?

உண்டு. ஆனால் பழைய மரம் வாங்க வருகிறவர் சொல்லும் மதிப்பு வேறு, இது வேறு. திருவட்டாறு பக்கம் இருக்கும் என் அம்மா வீட்டுக்கும் அப்படி ஒருவர் வந்தார். திண்ணைத் தூணை விரல் முட்டியால் தட்டினார், நகத்தால் கீறிப் பார்த்தார், "இது அயனி இல்ல, பலா" என்றார். நெல் போட்டு வைக்கும் அறப்புரைக்கு முன்னால்தான் கொஞ்ச நேரம் நின்றார். "இந்தக் கதவுக்குத் தனி ரேட்டு போடலாம் சார், மத்ததெல்லாம் கன அடிக் கணக்கு." அவர் தொழில் அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கதவு ஏதாவது ஒரு ரிசார்ட்டில் போய் நின்றால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதன் சாவி யார் இடுப்பில் இருந்தது, யாரைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது என்பதெல்லாம் அந்த வீட்டுக்குள் நின்றால்தான் புரியும்.

நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களிலும் நாயர் குடும்பங்களிலும் மருமக்கள்வழி இருந்தது தெரிந்திருக்கும். சொத்து தாய்வழியில் இறங்கும், நிர்வாகம் காரணவர் என்கிற மாமன் கையில். கவிமணி இந்த முறையை நையாண்டி செய்து ஒரு முழு நூலே பாடியிருக்கிறார். இந்தப் பகுதி அப்போது இருந்த திருவிதாங்கூர் ராஜ்யத்தில் 1925-இல் நாயர்களுக்கும் 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கும் சட்டம் வந்து, பாகம் பிரிக்க வழி பிறந்தது. அதற்குப் பிறகுதான் பல வீடுகளில் முற்றத்துக்குக் குறுக்கே சுவர் எழும்பியது, இரண்டாவது அடுக்களை முளைத்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒட்டாத ஒரு சுவர் இருந்தால், பழைய அழகைக் கொண்டுவருகிறேன் என்று முதலில் அதை இடிக்காதீர்கள். எனக்கென்னவோ செதுக்கிய தூணைவிட அந்தச் சுவர்தான் அதிகம் பேசுகிறது.

பாரம்பரியம் என்றாலே முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய பெரிய நாலுகட்டு வீடுதான் என்ற நினைப்பும் நம் ஊரில் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. திருவிதாங்கூரில் நாடார் போன்ற சாதிகள் மாடி வைத்து வீடு கட்டக்கூடாது என்ற தடை இருந்தது. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கே 1859 வரை போராட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊரில், தடை போன பிறகு ஒரு பனையேறி சம்பாதித்துக் கட்டிய சின்ன மாடி வீடு எந்தத் தரவாட்டு வீட்டுக்கும், அதாவது பழைய பெருங்குடும்ப வீட்டுக்கும், குறைந்ததல்ல. அதைப் பட்டியல் போட யாரும் வருவதில்லை, அவ்வளவுதான்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. உத்திரத்தில் 1061 என்று வெட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு "ஆயிரம் வருஷ வீடு" என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அது மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு. 824 அல்லது 825-ஐக் கூட்டுங்கள், 1885-86 வரும். ஆயிரம் வருஷம் வேண்டியதே இல்லை, அந்த நூற்று நாற்பதே போதும்.

வேலைப்பாட்டுக்கு வருவோம். திருவிதாங்கூர் ராஜாக்களின் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்து வாயைப் பிளக்கிறோம். அதே தச்சு முறையின் எளிய வடிவம்தான் நம் ஊர் வீடுகளிலும் இருக்கிறது. மச்சில் ஏறி டார்ச் அடித்துக் கூரையைப் பாருங்கள். சாய்வாக இறங்கும் கழுக்கோல்களில் துளை போட்டு, குறுக்கே ஒரு கட்டையை ஊசியில் நூல் கோத்தது மாதிரி கோத்திருப்பார்கள். ஆணிக்கு வேலை குறைவு. ஒரு கோல் உளுத்துப்போனால் அதைக் கழற்றி வேறு போடலாம். இதைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஆசாரிமார் இன்றைக்கு மிகக் குறைவு. வீடு போனால் அவர்கள் கைக்கு வேலையும் போகும், இளையவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள இடமும் போகும்.

சரி, அரசு காப்பாற்றுமா? பத்மநாபபுரம் தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரள அரசு பராமரிக்கிறது. ராஜா பெயர் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இரணியல் அரண்மனை பல காலம் கூரையில்லாமல் கிடந்ததே சாட்சி. பழஞ்சின்னங்களுக்கான தமிழ்நாட்டின் 1966 சட்டம், பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவிக்கப்பட்டவற்றுக்குத்தான். குடும்ப வீட்டை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வீடுகளைக் கொல்வது பெரும்பாலும் ஒழுகல்தான். ஒரு ஓடு உடைகிறது, மழை இறங்குகிறது, உத்திரத்தின் முனை ஊறுகிறது, கரையான் ஏறுகிறது. பங்காளிகள் பத்துப் பேர், ஓடு மாற்றும் கூலியை யார் கொடுப்பது என்று யோசிப்பதற்குள் ரெண்டு மழைக்காலம் போய்விடும். அதனால் பாகப் பேச்சு எப்போது முடிந்தாலும் முடியட்டும், ஜூன் மழைக்கு முன்னால் உடைந்த ஓடுகளை மட்டும் மாற்றிவிடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசாதீர்கள், உள்ளே ஈரம் தங்கி உதிரும். அளவு எடுத்து, அறை அறையாகப் படம் பிடித்து, எந்த அறையில் என்ன நடந்தது என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பங்காளிகள் கடைசியில் இடிப்பதென்றே முடிவெடுத்தாலும் இந்த வேலை வீணாகாது. ஆனால் அந்த முடிவுக்கு முன் கதவை மட்டும் தனியாக விற்க யாரையும் விடாதீர்கள். ஒரு கதவு போனால் அடுத்த மாதம் தூணுக்கு ஆள் வரும்.